கிணறு இடப்பக்கம்

லைடன்
12.7.2023

அன்புள்ள அத்தானுக்கு,

ரீபா எழுதுவது. நலமா? பசு கன்று போட்டுவிட்டதா? இங்கே ஹாலந்தில் இதைக் கோடைக்காலம் என்கிறார்கள். நான் இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, அதனால் இனிமேல் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று நாம் சட்டம் போட்டு ஆறு மாதமாகிறது. இந்த ஆறு மாதத்தில் நீங்கள் எழுதிய நான்கு கடிதங்களிலும் கடைசி வரி ஒன்றுதான்: "எப்ப வாரே?" ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நான் கிளம்பியபோது என்னை வழியனுப்ப நெல்லை ஜங்ஷனுக்குக்கூட வராத மனிதர் இப்படிக் கேட்பது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது. அடுத்த மார்ச்சில் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் பதில் சொல்கிறேன்.

இப்போது ஓர் உதவி வேண்டும். இந்த மியூசியத்தில் நானூறு வருடப் பழைய ஓவியத்தாள்களைப் பார்த்து நான் அட்டவணை எழுதுவது உங்களுக்குத் தெரியும். இப்போது என் மேசைக்கு வந்திருப்பவை முழுக்கப் பண்ணைக் கட்டடங்கள். அரண்மனை இல்லை, தேவாலயம் இல்லை. மாட்டுத் தொழுவம், வைக்கோல் கொட்டகை, புறாக்கூண்டு, சரிந்த கூரை, அதில் சாத்தி வைத்த ஏணி. அந்தக் காலத்து ஹாலந்து ஓவியர்கள் ஊருக்கு வெளியே நடந்து போய், கண்ணெதிரே இருந்ததை இறகுப் பேனாவும் பழுப்பு மையுமாக வரைந்துகொண்டு வந்திருக்கிறார்கள். ஓட்டை உடைசல் ஒன்றையும் விடவில்லை. ஒரு தாளில் வைக்கோலைச் சுற்றி நான்கு கம்பம் நட்டு, கூரையை ஏற்றி இறக்க வசதி செய்திருக்கிறார்கள். வைக்கோல் குறையக் குறையக் கூரையும் கீழே வருமாம். நம் ஊர் வைக்கோல் படப்பு மொட்டைத் தலையோடு மழையில் நனைவதை நினைத்துக்கொண்டேன்.

இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நம் தொழுவம்தான் ஞாபகம் வருகிறது. என் கட்டுரையில் ஒப்பிட்டுக் காட்ட அதை வரைந்து அனுப்புங்கள். போட்டோ வேண்டாம். போட்டோவில் எது எதைத் தாங்குகிறது என்று தெரியாது. முன்பக்கம் ஒன்று வேண்டும். இன்னொன்று, முகட்டில் ஓட்டைத் தாங்குகிற இரண்டு பக்கத்துப் பனங்கைகளும் வந்து கூடுகிற இடம். அது கீழேயிருந்து தெரியாது. மேலே ஏறி நாலு ஓடுகளை எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வேறு யாரையாவது ஏற்றிவிட்டு, அவர் சொல்லக் கேட்டு வரைந்துவிடாதீர்கள். நீங்களே பார்த்து வரையுங்கள். கண்டதைத் தவிர எதையும் வரையாத கை, எனக்குத் தெரிந்து, உங்களுடையது ஒன்றுதான்.

இந்தப் பழைய தாள்களில் கதவருகிலோ கிணற்றடியிலோ சின்னதாக ஓர் ஆள் நிற்பார். முடிந்தால் அப்படி ஒருவரையும் போடுங்கள்.

அன்புடன்,
ரீபா


ஆழ்வார்குறிச்சி
2.8.2023

அன்பு ரீபாவுக்கு,

உன் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன் இசக்கிமுருகன் எழுதுவது. பசு கிடேரிக்கன்று போட்டது. தாயும் சேயும் நலம், நானும் நலம். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மாம்பழம் வரையச் சொன்னால் கத்தரிக்காய் வரைகிறார்கள். "பழத்தைப் பாருங்க, அப்புறம் தாளைப் பாருங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. டிராயிங் மாஸ்டர் வேலையில் இதற்குமேல் சொல்லிக்கொடுக்க எனக்கும் எதுவும் தெரியாது.

நானூறு வருடத்துக்கு முன்னால் எவனோ கட்டிய தொழுவத்தைப் பார்க்க என் பெண்டாட்டி கடல் தாண்டிப் போயிருக்கிறாள் என்று டீக்கடையில் சொன்னேன். ஓட்டு வேலை பார்க்கும் நம் மகாராஜா இருந்தான். "அண்ணாச்சி, மதினிக்குத் தொழுவந்தான் வேணும்னா இங்கனயே கெடக்கே. எதுக்கு அம்புட்டு தூரம் போகணும்?" என்று கேட்டான். இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

முன்பக்கப் படம் இதனுடன் இருக்கிறது. நம் சின்ன அறையின் தெற்கு ஜன்னலுக்கு வெளியே நின்று வரைந்தது. இடப்பக்கம் வேம்பு, நடுவில் தொழுவம், வலப்பக்கம் கிணறு. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது, உன்னைத் தவிர. கிணற்றடியில் ஆள் போடச் சொன்னாய். ஆள் இருந்தால்தானே வரைவேன்? நீ வந்து நில், வரைகிறேன்.

முகட்டுக்கு ஏறத்தான் வேண்டும். மகாராஜா "நான் ஏறுதேன், நீங்க கீழ நில்லுங்க" என்றான். "மதினி உத்தரவுலே இது, நான்தான் ஏறணும்" என்று சொல்லிவிட்டேன். ஆவணி பிறக்கட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறேன்.

அந்தச் சின்ன அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். நீ வந்தால் மேசை போட ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும். உன் நிலைக்கண்ணாடியையும் அங்கே கொண்டுபோய் வடக்குச் சுவரில் சாத்தியிருக்கிறேன். கட்டில் ஒன்றை நீளவாக்கில் போட்டால் நிறைந்துவிடுகிற அறை. கண்ணாடி வந்த பிறகு இரண்டு ஜன்னல் இருக்கிற மாதிரி இருக்கிறது.

எப்ப வாரே?

இசக்கி


லைடன்
25.8.2023

அன்புள்ள அத்தானுக்கு,

படம் வந்தது. மேசையில் விரித்து வைத்து, சாப்பிடப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றின் வாய் வட்டமாகத் தெரிகிறது, உள்சுவரில் முளைத்த அரசங்கன்றுகூட இருக்கிறது. அதைப் பிடுங்கச் சொல்லி எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இருப்பதை வரையாமல் விடமாட்டீர்கள், சரி. பிடுங்கிவிட்டாவது வரைந்திருக்கலாம்.

மகாராஜா கேட்டதையே இரண்டு நாளாக யோசித்தேன். பாளையங்கோட்டையில் அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை. உங்கள் பக்கத்திலும் அன்னத்தாய் அக்காவைத் தவிர யார் நம் வாசலை மிதிக்கிறார்கள்? கோயிலும் சர்ச்சும் ஒரே வீட்டில் இருக்காது என்று இரண்டு பக்கமும் கைகழுவியபோது, "நமக்கு நாம போதும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படிச் சொன்ன ஆளைத் தனியாக விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் கோபப்பட்டது தவறு என்று இத்தனை நாள் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்: மார்ச்சில் வருகிறேன், அத்தான். இன்னும் மூன்று வருடம் நீட்டிப்புத் தருவதாகச் சொல்கிறார்கள். நவம்பரில் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன். மேசையைச் சின்ன அறையிலேயே போடுங்கள்.

முகட்டுப் படத்துக்குக் காத்திருக்கிறேன். பையப் பார்த்து ஏறுங்கள்.

உங்கள்,
ரீபா


ஆழ்வார்குறிச்சி
19.10.2023

ரீபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முகட்டுப் படம் இதனுடன் இருக்கிறது. மூலையில் கறை பட்டுவிட்டது, மன்னித்துக்கொள்.

மார்ச்சில் வருவதாக எழுதியிருந்தாய். நன்றாக யோசித்துப் பார்த்தேன். வர வேண்டாம். மூன்று வருடம் தருகிறார்கள் என்றால் இருந்துவிடு. உன் படிப்புக்கு ஏற்ற வேலை அது. இங்கே வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டவா அவ்வளவு படித்தாய்?

எனக்கும் தனியாக இருந்து பழகிவிட்டது. சொல்லப்போனால் இப்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறது. அன்னத்தாய் அக்கா வந்து தங்கியிருக்கிறாள், சாப்பாட்டுக்குக் குறையில்லை. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு போட்டிருக்கிறேன். கொஞ்ச நாள் சும்மா இருக்கத் தோன்றியது.

கோபத்தில் எழுதவில்லை. உன் முடிவை மாற்றிக்கொண்டு, எனக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

இசக்கிமுருகன்


லைடன்
8.11.2023

இசக்கிமுருகன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஐந்தாவது முறை படித்தால் கிழித்துவிடுவேன் என்று உள்ளே வைத்துவிட்டேன்.

ஒன்றரை வருடம் "எப்ப வாரே" என்று கேட்டவர், வருகிறேன் என்றதும் வராதே என்கிறீர்கள். இது என்ன விளையாட்டு? நான் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு வராமல் வயலில் போய் நின்றீர்களே, அந்தக் கோபத்தை இவ்வளவு நாள் வைத்திருந்து, நான் இறங்கி வரும் நேரம் பார்த்துத் தீர்த்துக்கொள்கிறீர்களா? வேறு யாராவது மனதில் இருந்தால் அதை நேராகச் சொல்லியிருக்கலாம். அழுதாலும் புரிந்துகொண்டிருப்பேன்.

நேற்று நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம். நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான்.

முகட்டுப் படம் நன்றாக இருக்கிறது. பனங்கைகள் கூடும் இடத்தில் அடித்திருக்கும் மர ஆணிகூடத் தெரிகிறது. இங்கே எல்லோரும் பாராட்டினார்கள். மூலையில் தேநீர்க் கறை என்று அட்டவணையில் குறித்திருக்கிறேன். கட்டுரைக்காக அதே தொழுவத்தை வேறு வேறு காலத்தில் வரைந்து அனுப்ப முடியுமானால் அனுப்புங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை.

ரீபா


ஆழ்வார்குறிச்சி
20.1.2024

ரீபாவுக்கு,

மார்கழி வெள்ளத்தைப் பற்றிச் செய்தியில் பார்த்திருப்பாய். மழை இரண்டு நாள் விடவில்லை. கடனா நதி கரையை மீறி வயலுக்கு வந்து, வயலிலிருந்து களத்துக்கு வந்து, களத்திலிருந்து நம் முற்றத்துக்கே வந்துவிட்டது. வண்ணார்பேட்டையில் பஸ் ஓடுகிற ரோட்டில் படகு விட்டார்களாம். நான் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காதான் "ஆளைக் கூப்பிடட்டா, ஆளைக் கூப்பிடட்டா" என்று பதறிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாசற்படி வரை வந்து, கொஞ்ச நேரம் நின்று, உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டது.

பசுவையும் கன்றையும் மகாராஜா மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காப்பாற்றினான். படப்பு போய்விட்டது. உன் ஹாலந்துக்காரன் மாதிரி கூரை போட்டிருந்தால் அந்தக் கூரையும் சேர்ந்து போயிருக்கும், ஆகையால் நம் ஆட்களும் முட்டாள்கள் இல்லை.

தொழுவத்தைத் தண்ணீரோடு வரைந்திருக்கிறேன். நீ கேட்ட வேறு காலம் இதுவாக இருக்கட்டும்.

அங்கே இப்போது குளிர் அதிகமாக இருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இசக்கி


லைடன்
3.3.2024

இசக்கிமுருகன் அவர்களுக்கு,

நான் ஊருக்கு வருவதாக இருந்த மாதம் இது. அதை ஞாபகப்படுத்த எழுதவில்லை. வெள்ளப் படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அதில் ஒரு தவறு இருக்கிறது. கிணறு இடப்பக்கம் இருக்கிறது. எட்டு வருடம் நான் தண்ணீர் இறைத்த கிணறு அது. வலப்பக்கம்தான். உங்கள் முதல் படத்திலும் வலப்பக்கம்தான்.

இந்த நாட்டுப் பழைய ஓவியர்கள் தங்கள் தாள்களை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். கண்ணெதிரே பார்த்து வரைந்தது ஒன்று, மனதிலிருந்து வரைந்தது ஒன்று. இரண்டாவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் எது எதுவென்று சொல்லிவிட வேண்டும். நீங்கள் மனதிலிருந்து வரைந்துவிட்டுப் பார்த்து வரைந்ததாக அனுப்பியிருக்கிறீர்கள். மாம்பழத்தைப் பார் என்று பிள்ளைகளிடம் கத்துகிற டிராயிங் மாஸ்டர், தன் வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை. எனக்காக நாலு எட்டு எடுத்து வைத்து வெளியே போகக்கூட உங்களுக்கு மனமில்லாமல் போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரீபா


ஆழ்வார்குறிச்சி
2.4.2024

ரீபாவுக்கு,

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பார்க்காமல் வரைந்தேன் என்கிறாய்.

என் வாய் பொய் சொல்லும், ரீபா. சொல்லியிருக்கிறது. என் கை இதுவரை சொன்னதில்லை. வேம்பைக் கண்ட இடத்தில் வேம்பு, கிணற்றைக் கண்ட இடத்தில் கிணறு. கண்டதைத்தான் வரைந்தேன். மாற்றிப் போட வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் யோசித்தேன். கை வரவில்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

இன்னும் இரண்டு படம் வைத்திருக்கிறேன். இவைதான் கடைசி. இப்போதெல்லாம் கை சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது.

இன்னொன்று. இப்படி இழுத்துக்கொண்டிருப்பது உனக்கு நல்லதில்லை. உனக்கு முப்பத்தாறு வயதுதான் ஆகிறது. முறைப்படி பிரிந்துவிடலாம். வக்கீலிடம் சொல்லித் தாள் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. குற்றம் என் பேரில் இருக்கட்டும். உன்னை நான் நல்லபடியாக வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதிக்கொள்ளட்டும். நீ எந்த நேரத்திலும் உன்னைக் குறை சொல்லிக்கொள்ளக் கூடாது. எந்த நேரத்திலும், எதற்காகவும்.

இசக்கிமுருகன்


லைடன்
25.4.2024

சரி. தாளை அனுப்புங்கள்.

ரீபா


லைடன்
14.9.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இப்படி எழுதி ஒரு வருடமாகிறது. எழுதுகிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

போன வாரம் இங்கே வேலை கற்க வந்தவர்களுக்கு ஒரு பாடம் எடுத்தேன். செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தால் படம் இடம் வலமாக மாறி விழும். ஆகையால் ஒரு தாளில் எல்லாம் பக்கம் மாறியிருந்தால், அதை வரைந்தவன் கட்டடத்தைப் பார்க்கவில்லை, அச்சுப் படத்தைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறான் என்று சந்தேகப்பட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, வேடிக்கையாக இருக்கட்டும் என்று உங்கள் வெள்ளப் படத்தை எடுத்துக் காட்டினேன். "இவருக்குத் தன் வீட்டுக் கிணறே மறந்துவிட்டது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும், "கிணறு மட்டும் மாறியிருக்கிறதா, எல்லாமே மாறியிருக்கிறதா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வேம்பும் மாறியிருக்கிறது. கதவின் கீல் மாறியிருக்கிறது. உடைந்த ஓட்டு வரிசை மாறியிருக்கிறது. மறந்து வரைகிறவனுக்கு இவ்வளவு சரியாக மறக்காது.

ஏப்ரலில் வந்த இரண்டு படங்களையும் எடுத்து வைத்தேன். அவையும் அப்படித்தான். ஆனால் நிழலுக்கு நீங்கள் போடும் சாய்கோடுகள் எப்போதும்போல வலது கைக்காரர் போடுகிற பக்கமாகவே சாய்ந்திருந்தன. தாள் புரளவில்லை, கை மாறவில்லை. கண்ணுக்கு எதிரே இருந்த காட்சிதான் மாறியிருக்கிறது. முதல் படத்தில் கிணற்றின் வாய் வட்டமாகத் தெரிந்தது, நின்று பார்ப்பவருக்குத் தெரிகிற மாதிரி. அரசங்கன்றைப் பிடுங்கவில்லை என்று உங்களைத் திட்டினேனே, அந்தப் படம். பிறகு வந்த மூன்றிலும் கிணற்றின் வாய் தெரியவில்லை. விளிம்பு ஒரே கோடாக இருக்கிறது. கிணற்றுச் சுவருக்குக் கீழே இருந்து பார்க்கிறவருக்குத்தான் அப்படித் தெரியும். மூன்றும் ஒரே இடத்திலிருந்து பார்த்தவை. ஓர் எட்டுக்கூட நகரவில்லை.

எனக்கு நம் சின்ன அறை ஞாபகம் வந்தது. தெற்கே ஜன்னல், வடக்கே என் கண்ணாடி, நீளவாக்கில் ஒரு கட்டில். நல்லபடியாக இருப்பவரையே வடக்கே தலை வைத்துப் படுக்கவிடாத அன்னத்தாய் அக்கா, முடியாமல் கிடப்பவரை விடுவாளா? தெற்கே தலை. ஜன்னல் தலைக்குப் பின்னால். திரும்ப முடியாதவருக்கு எதிரே இருப்பது கண்ணாடி மட்டும்.

மகாராஜாவுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் அழுதான். "அண்ணாச்சி கட்டிலை விட்டு எந்திரிச்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு மதினி. சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஆவணி மாசம் ஞாயித்துக்கெழமை. படத்த வரைஞ்சு முடிச்சு, இடுப்புல சொருகிக்கிட்டு எறங்குதாரு, ஒரு பனங்கை முறிஞ்சு போச்சு. கீழ கெடந்துக்கிட்டு, 'லே, படம் கசங்கிருச்சான்னு பாரு'ன்னு கேக்காரு." இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்றான். மாதாமாதம் காய்ச்சல் வருகிறது என்றான். டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்க மதினி" என்றான்.

மார்ச்சில் வருகிறேன் என்று நான் எழுதிய கடிதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு, வராதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறச் சொன்னவள் நான் என்பது எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று, வீடு அமைதியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் மனதில் யாரோ இருக்கிறார்களா என்று கேட்டேன். நாலு எட்டு எடுத்து வைக்க மனமில்லையா என்று கேட்டேன். அந்த வரியை எழுதிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வக்கீல் தாள் ஏன் வரவில்லை என்று மட்டும் இப்போது புரிகிறது. வக்கீல் வீட்டுக்கு யார் உங்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள்?

முகட்டுப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பழுப்பு மை எது, தேநீர் எது, இரத்தம் எது என்று பார்த்துச் சொல்லத்தான் எனக்கு இங்கே சம்பளம் தருகிறார்கள். தேநீர் என்று எழுதிவைத்தேன். அட்டவணையில் அதை அடித்துத் திருத்தினேன். அன்று சாயங்காலமே வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

என்னை நானே குறை சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அது என்னால் முடியாது. நீங்கள் மன்னித்தாலும் முடியாது. அதை வைத்துக்கொண்டுதான் இனி இருக்க வேண்டும், இருந்துகொள்கிறேன். ஆனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. என்னை ஒரு வருடம் இங்கே சிரித்துக்கொண்டு திரியவிட்டீர்களே, அது என்ன நியாயம்? நமக்கு நாம் போதும் என்றீர்களே. அதில் பாதியை மட்டும் எப்படி வெட்டி எறிந்தீர்கள்?

உங்களுக்குப் போன் செய்யவில்லை. செய்தால் வராதே என்பீர்கள். நாம் போட்ட சட்டம் இதற்காவது உதவட்டும். கூரியரில் அனுப்பினால் இது நான்கைந்து நாளில் உங்கள் கைக்கு வரும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி காலை நெல்லையிலிருந்து ரயிலேறி ஆழ்வார்குறிச்சியில் இறங்குகிறேன். போ என்று சொல்வதானால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசிப் படத்தில் கூரைக்கோடு மூன்று இடத்தில் விட்டு விட்டு வந்திருக்கிறது. கை ஓய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தெரிகிறது. இன்னும் ஒரே ஒரு படத்துக்கு அந்தக் கையில் பலம் வைத்திருங்கள். நீங்கள் அனுப்பியவற்றில் ஒன்றில்கூட ஆள் இல்லை. ஆள் இருந்தால்தானே வரைவேன், நீ வந்து நில் என்று எழுதினீர்கள்.

கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் கிணற்றடியில் வந்து நிற்பேன். உங்களுக்கு அது இடப்பக்கமாகத் தெரியும். கண்டபடி வரையுங்கள்.

உங்கள்,
ரீபா